ரெண்டு கையாலும்

— இன்னும் குனியோணும், கிளடிஸ். உது குனியிறதில்லை, தலையாட்டுறது.

— என்ர மாதாவே! புனிதக்கா, நான் பூசையிலகூட இவ்வளவு குனியிறேல்லை.

— இது புத்த சங்கம். இஞ்ச வந்தால் இஞ்சத்த முறை. போர்வையை ரெண்டு கையாலும் நீட்டோணும், இடுப்போட நாரி வளையோணும், நன்றி சொல்லோணும். விளங்குதோ?

— அதுதான் விளங்கேல்லை. போர்வை குடுக்கிறது நாங்கள். நன்றியும் நாங்களோ சொல்லுறது?

— ஓம். நேற்று வீடு எரிஞ்சு, போட்ட உடுப்போட வந்து நிக்குதுகள். கை நீட்டி வாங்க எவ்வளவு கூச்சமாயிருக்கும்? எண்டாலும் எங்களை நம்பி வாங்குதுகள், அதுக்குத்தான் நன்றி. நான் சேர்ந்த அண்டைக்கு ஒரு தாய்வான் அம்மா சொல்லித் தந்தவ.

— எத்தினை குடும்பமாம்?

— மோர்னிங்சைட் றோட்டில அந்த ஒரு பில்டிங்கிலயே நாப்பது. ஒருத்தருக்கும் காயமில்லை, அதுவே பெரிய காரியம். கதவைத் திறக்கினம். சிரியும். ஐயோ, அவ்வளவு இல்லை! இது கலியாணவீடில்லை, விளங்குதோ?

— இந்தாங்கோ ஐயா, நன்றி. இந்தாங்கோ தங்கச்சி, நன்றி… புனிதக்கா, நாங்கள் மேசையை மாத்துவமோ?

— ஏன்? இருவது பேருக்குக் குடுத்திட்டீர். இப்பதான் வடிவாக் குனியிறீர்.

— சிவப்புத் தொப்பியோட நாலாவதா நிக்கிறது ஆர் தெரியுமோ? என்ர மனுசன்ர தமக்கை. மக்டலீன் மச்சாள்.

— அட, உங்கட ஆளோ! நல்லதுதானே.

— என்ன நல்லது? ஒன்பது வருசமாப் பேச்சில்லை. அவ அந்த பில்டிங்கில இருக்கிறா எண்டே எனக்குத் தெரியாது.

— அப்பிடி என்ன நடந்தது?

— என்ர மகள்ர கலியாணம். ஆர் எங்க இருக்கிறதெண்டு நான்தான் லிஸ்ட் போட்டனான். அவையளை வோஷ்றூம் வாசலடியில இருத்திப்போட்டன். அவ சாப்பிடாமல் எழும்பிப் போயிட்டா.

— தெரியாமல் செய்தனீரோ?

— தெரிஞ்சுதான். அப்ப ஏதோ கோவம். என்ன கோவமெண்டு இப்ப ஞாபகமுமில்லை.

— போர்வையை எடும், கெதியா. வந்திட்டா.

— மச்சாள்…

— கிளடிஸ்! நீ எப்பயடி புத்த சமயத்துக்குப் போனனீ?

— போகேல்லை மச்சாள். உதவிக்கு வந்தனான். இந்தாங்கோ. நன்றி.

— எனக்கென்னத்துக்கு நன்றி? முதல்ல நிமிரு. நாரி பிடிக்கப்போகுது.

— நன்றி இவையள் சொல்லித் தந்தது. நான் சொல்ல வேண்டியது வேற. அண்டைக்கு உங்களை அங்க இருத்தினது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மச்சாள்.

— அழாதை, கேட்டியோ. போர்வை நனையுது. ஈரப் போர்வையை நான் என்ன செய்யிறது?

— ராவைக்கு எங்க படுக்கப் போறியள்? எங்கட வீட்டில அறை ஒண்டு சும்மா கிடக்கு. உங்கட தம்பி கண்டால் துள்ளிக் குதிப்பார்.

— அவன் துள்ளுவான். நீ?

— நான் இப்பவே கொண்டுபோக நிக்கிறன்.

— அம்மா, குறை நினையாதேங்கோ, பின்னால ஆக்கள் நிக்கினம். உங்கால ரெண்டு மேசையில வரிசையே இல்லை. அங்க போயிருந்தால் எப்பவோ வாங்கியிருப்பியள், விளங்குதோ?

— விளங்குது, பிள்ளை. நான் முதல் அங்கதான் நிண்டனான். இவளைக் கண்டிட்டுத்தான் இந்த வரிசைக்கு மாறினனான்.