அழுகிய தோலுக்கு வரி

"அழுகிப்போன தோலுக்கு வருமான வரி கட்டின குடும்பம் இந்தச் சீமையிலேயே நம்மளுதுதான்!"

ஆம்பூரில் ரயில் ஏறிய தோல் மண்டிக்காரர் மனைவி, எதிரில் உட்கார்ந்த நாத்தனாரிடம் இப்படித்தான் ஆரம்பித்தார். நான் கையிலிருந்த பாடப் புத்தகத்தை மூடினேன்.

"தோலு மழையில நனைஞ்சா எங்க வீட்டுக்காரரு இன்னா பண்ணுவாரு அண்ணி?"

"நட்டம்னு எழுதணும்! நம்ம மண்டிக்குக் கணக்கு எழுதற உன் வீட்டுக்காரரு வேலை அதானே? தீபாவளிக்குப் புதுக் கணக்கு போட்ட மாசம், நட்டம்னு எழுதினா ஆகாதுன்னு உட்டுட்டாரு. வரி ஆபீஸ்காரன் அத்தனை தோலும் மண்டியில நல்லா இருக்குதுன்னு வரி போட்டுட்டான். என் வளையல் போச்சு."

"அதுக்காக அவரை எடுத்துட்டு, வேலூர்லேர்ந்து பரீட்சை பாஸான ஆடிட்டரை வெக்கணுமா? வருஷம் பூரா சம்பளமா? அவருக்குத் தோலைப் பத்தி இன்னா தெரியும்?"

"அழுகினா அழுகிச்சுன்னு எழுதத் தெரியும். நோட்டீஸ் வந்தப்புறம் ஓடற ஆள் எனக்கு வேணாம். மாசாமாசம் பார்த்து, இவ்ளோ வரி வரும், இப்பவே எடுத்து வைன்னு சொல்ற ஆள் வேணும்."

"அப்போ எங்களை ஒதுக்கிட்டீங்க."

"யாரு ஒதுக்கினது? உன் வீட்டுக்காரரு தினம் சாப்பிட வரட்டும், நானே பரிமாறறேன். பேனாவை மட்டும் எடுத்துட்டு வர வேணாம்."