வெள்ளைத் தோல்ல ஒரு வட்டம்

பொம்மப் படம் நல்லா இல்லன்னு நான் சொல்லவேல்லப்பா ஹேமந்த். நல்லாத்தான் எடுத்துக்கீற. மூஞ்சி இல்ல, கை கால் இல்ல, வெறும் வட்டம். அதுலயே எங்க தோல் கம்பெனி மொத்தமும் வந்துடுச்சி. முக்காடு போட்ட வட்டம் தபஸ்ஸும். சிலுவை வெச்சது கிருபா. பொட்டோட உருண்டுக்கினு போறது நானு. மேனேஜருக்கும் எனக்கும் ஒரே சைஸு வேற. படத்துலயாவது.

உக்காருப்பா, இன்னா அவசரம்? தோல் வாங்க வர்ற வெளிநாட்டு பையர் காரு இன்னும் வாலாஜாவே தாண்டல.

போன மாசம் லேப்டாப்ல காட்டுனியே, ஞாபகம் இருக்குதா? கழிவுத்தண்ணி டேங்க்காண்ட ஒரு கறுப்பு வட்டம் நின்னுச்சி. யாருன்னு கேட்டேன். அக்கா, அது உங்க தம்பி கோபின்னு சொன்ன. டேங்க் கழுவ எறங்குனவன், மேல வரவேல்ல. உன்னக் கையெடுத்துக் கும்பிட்டேன் அன்னிக்கி.

இன்னிக்கிக் காலையில ஓட்டிப் பாக்கறீங்க, டேங்க்கும் இல்ல, அவனும் இல்ல.

மேனேஜர் அத எடுத்துடச் சொன்னாரா? சொல்லுவாரு. மாடிப்படியில வழுக்கி வுழுந்தான்னு எங்கம்மாகிட்ட கைநாட்டு வாங்கனவரு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கற ஆளு. நீ எதுக்குப்பா கூட சோறு அள்ளிப் போட்ட? அப்புறம் கடைசியில எல்லாரும் சமம்னு எழுத்து வேற. எனக்கு வயிறு எரியுது.

சாபமா? அதெல்லாம் வுட மாட்டேன். எனக்கு வேலதான் தெரியும்.

பதினாறு வருஷமா செக்கிங். தோல்ல காயம், உண்ணி கடிச்சது, ஓட்டை எது இருந்தாலும் சுத்தி ஒரு வட்டம் போடுவேன். கட்டிங்காரன் அத வுட்டுட்டு வெட்டுவான். எந்த நாட்டு பையரும் வட்டத்தப் பாத்தா, இங்க இன்னா டேமேஜுன்னு கேக்காம நகர மாட்டான். சில்வர் பேனாவுலதான் போடணும், அப்பதான் தொடச்சா போவும்.

பையருக்கு நம்ம தோல்லயே படம் காட்டணும்னு மேனேஜருக்கு ஆசை. ஸ்க்ரீனுக்கு நாலு வெள்ளைத் தோலச் சேத்துத் தெச்சாங்க. செக்கிங் பண்ணது நானு.

அதோ பாரு, ஸ்க்ரீன்ல கீழ, வலது மூலையில, நான் போட்ட வட்டம். நீ டேங்க் வரஞ்சியே, அதே எடம். உன் வட்டமெல்லாம் ஓடும். அது ஒண்ணு மட்டும் நிக்கும்.

தேய்க்காதப்பா, போவாது. பால்பாயிண்ட் பேனாவுல போட்டேன்.

இன்னா டேமேஜுன்னு பையர் கேட்டா செக்கிங் ஆளத்தான் கூப்புடுவாங்க. நான் இங்கயே நிக்கறேன்.