வளையல் போட்ட கை

தொண்ணூற்றாறு, மார்கழி முதல் வாரம். மயிலாப்பூரில் கோடம்பாக்கம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கையில் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த தன் அம்மாவிடம் சொன்னாள்:

“ரெக்கார்டிங்குக்குப் போறதுக்குள்ள கண்ணாடி வளையலையெல்லாம் கழட்டிடும்மா.”

“வெறுங்கையோட எப்படிடீ வருவேன்? அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கார்.”

“அப்பாகிட்ட கேட்டாச்சு. தனக்கு ஒண்ணும் ஆயிடாதுன்னுட்டார்.”

அம்மா சிரிக்கவில்லை. “அஞ்சு வயசுல நீ கொலுவுல பாடினதுலேர்ந்து எதிர்ல உக்காந்து தாளம் போட்டுண்டிருக்கேன். அப்பல்லாம் வளையல் உறுத்தலையா?”

“கொலுவுல மைக் ஏதும்மா? போன தடவை கம்பெனிக்காரா என் குரலையே கேசட்டுல வெச்சுக்கறதா இருந்தா. பாட்டு பூரா உன் வளையல் சத்தம். வேற ஒருத்தரைப் பாட வெச்சுட்டா. இன்னிக்கும் கெட்டுதுன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டா.”

பாண்டி பஜார் தாண்டியதும் அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

“நான் வெளில உக்காந்துக்கறேன். நீ பாடிட்டு வா.”

“நீ எதிர்ல இல்லேன்னா எனக்குப் பாட்டே வராது.”

“சத்தமில்லாம தட்டினா உனக்கு எப்படிடீ கேக்கும்?”

“என்னிக்கும்மா கேட்டேன்? உன் கையைப் பாத்துண்டுதானே பாடறேன்.”

அம்மா வலக்கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இடக்கையில் ஏற்றிக்கொண்டாள்.

“இந்தக் கையை ஆட்டவே மாட்டேன், போ” என்றாள்.