ஒரு வாளித் தண்ணீர்

— ஆறு மாசமா ஒரு பாத்ரூம் தரை! இதுக்குள்ள ஒரு கப்பலே கட்டியிருப்பாங்கடா தம்பி.

— கப்பல் கட்டறவனுக்கு வாட்டம் பார்க்கற வேலை இல்லக்கா. இங்க ஊத்தற தண்ணி ஓடிப் போய் ஓட்டையில விழணும்.

— பேச்சை மாத்தாதே. நானே ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன். உள்ள வாங்க, கான்ட்ராக்டர்.

— வணக்கம் சார். சின்ன வேலைதான், பார்த்துக்கலாம். டைல்ஸ், சுவர்ல பெரியவருக்கு ஒரு கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட். ரெண்டு ஆள் போட்டா ஒரே வாரம்.

— எல்லாரும் இந்த ஒரே வாரத்தைத்தான் சொல்றீங்க. அது உடைக்கிற வாரமா, ஒட்டற வாரமா?

— சார் ஏற்கெனவே யார்கிட்டயோ அடிபட்டிருக்கார் போல.

— பட்டேன். கிச்சனை உடைச்சுப் போட்டுட்டு, 'நாளைக்கு வர்றேன்'னு போனவர் இன்னும் வந்துக்கிட்டே இருக்கார். அப்புறம் நானே கத்துக்கிட்டு நானே முடிச்சேன்.

— அவர் வேற, நான் வேற சார். பார்த்துக்கலாம். இந்தச் சுவர் டைல்ஸும் நீங்களே போட்டதா? தட்டினா உள்ள காலியா சத்தம் வருதே.

— வரும். தட்டிப் பார்த்துட்டு, 'எல்லாத்தையும் எடுக்கணும்'னு சொன்னாத்தானே உங்களுக்கு வேலை பெருசாகும்?

— டேய், மரியாதையா பேசு! நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி வால்வு பின்பக்கம் இருக்கு, போய்ப் பார்த்துட்டு வாங்க.

— பார்த்துக்கலாம் மேடம்.

— போயிட்டாரா? இப்ப உண்மையைச் சொல்லு. அப்பா இங்க வந்து இருக்கறது உனக்குப் பிடிக்கலை.

— யார் சொன்னா?

— இந்த டைல்ஸ் சொல்லுது. மூலையில அடுக்கி வெச்சிருக்கியே, புதுசுன்னு நினைச்சேன். திருப்பிப் பார்த்தா முதுகெல்லாம் காய்ஞ்ச சிமெண்ட். ஒட்டினதைப் பேத்து எடுத்திருக்கே.

— சரியா உக்காரலை.

— அத்தனையுமா? கிச்சனை ஒத்தை ஆளா முடிச்சவனுக்கு இந்தத் துளியூண்டு தரை உக்காரலையாக்கும்! வேலை முடிஞ்சா அவரைக் கூட்டிட்டு வரணும். அதான் முடிக்க மாட்டேங்கறே. கான்ட்ராக்டர் கை வெச்சா முடிஞ்சுடுமேன்னு பயம். அதான் அந்த மனுஷன்மேல இவ்வளவு சந்தேகம்.

— உன் அளவுக்கு எனக்குச் சந்தேகப்படத் தெரியாதுக்கா.

— நக்கல் வேண்டாம். மூணு வருஷமா நான் பார்த்துக்கிட்டேன், குறையே சொல்லலை. ஆனா ஹால்ல அவர் கட்டில், அவர் ரேடியோ. என் பொண்ணு பரீட்சைக்குச் சமையல் மேடையில புத்தகத்தை விரிச்சுப் படிக்கிறா. இப்ப உன் முறை, அவ்வளவுதான். அவரும் அதைத்தான் ஆசைப்படறார்.

— அப்பாவே சொன்னாரா?

— தினமும் காலையில முகம் கழுவிட்டு வந்ததும் முதல் பேச்சே அதுதான். 'தம்பி வீட்ல பாத்ரூம் ஆயிடுச்சாம்மா? பெட்டி கட்டலாமா?' அவ்வளவு அவசரம் அவருக்கு.

— நீ என்ன சொல்லுவே?

— என்ன சொல்றது, 'ஆயிட்டே இருக்குப்பா, கொஞ்சம் பொறுத்துக்குங்க'ம்பேன். இன்னிக்கு, 'கான்ட்ராக்டரைக் கூட்டிட்டுப் போறேன், அடுத்த வாரம் நீங்க அங்கதான்'னு சொன்னேன்.

— அதுக்கு?

— 'நல்லது'ன்னார். ரேடியோவை நிறுத்திட்டார். எதுக்குடா இந்தக் குறுக்கு விசாரணை? டைல்ஸை ஏன் பேத்தே, அதைச் சொல்லு.

— பேத்தது நான். பேக்கச் சொன்னது அப்பா.

— அடப்பாவி! அந்தப் பழியை அவர் தலையிலயா போடறே?

— ஞாயித்துக்கிழமை இங்க வர்றாரில்ல? வாரம் முழுக்க நான் ஒட்டினதைக் குனிஞ்சு பார்ப்பார். 'வாட்டம் ஜாஸ்தி, வழுக்கி விழுவேன், எடுத்துடு'ன்னார். நம்பி எடுத்தேன். குறைச்சுப் போட்டா, 'தண்ணி தேங்கும், எடுத்துடு'ன்னார். அதையும் எடுத்தேன்.

— வயசானவர், விழுந்துடுவோம்னு பயந்திருப்பார்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். போன மாசம் அவர் முன்னாடியே ஒரு வாளித் தண்ணியை ஊத்திக் காட்டினேன். கடகடன்னு ஓடி, தரை சுத்தமா வடிஞ்சுடுச்சு. அதையே பார்த்துட்டு நின்னவர், 'தேங்குதுடா, எடுத்துடு'ன்னார்.

— கண்ணு சரியாத் தெரியலையோ என்னவோ.

— கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறார்.

— அப்ப நீ ஏன் எடுத்துத் தொலைச்சே?

— என் முகத்தைப் பார்க்காம சொன்னார்க்கா. வேற என்ன பண்ணச் சொல்றே?

— மேடம், வால்வு பார்த்தாச்சு. நாளைக்கே ஆளை அனுப்பட்டுமா? பார்த்துக்கலாம்.

— ஒரு நிமிஷம் வெளிய இருங்க, சொல்றேன். டேய், நீ என்ன கதை சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரலை. இங்க வர இஷ்டமே இல்லாதவர், எதுக்கு தினமும் எங்கிட்ட வந்து 'பெட்டி கட்டலாமா'ன்னு கேக்கணும்?

— ஒரு நாளாவது நீ, 'எதுக்குப்பா கட்டணும்'னு கேட்டுட மாட்டியான்னுதான்.