கீழ்வீட்டுக்காரி மூக்கு

இல்ல இல்ல, சண்டை போடக் கூப்பிடல. சண்டை போடணும்னா நானே கீழ எறங்கி வந்து உன் கதவைத் தட்டியிருப்பேன், உனக்குத்தான் தெரியுமே. உள்ள வா கலம்காஸ். பூட்ஸை வாசல்லயே கழட்டு, பனிய எல்லாம் தரையில கொட்டாத. கதவைச் சாத்து. என்னாது, பாம்பா? பெட்டிக்குள்ளதான் இருக்கு. இத்தன வருஷமா உன் தலைக்கு மேலதான இருக்கு, என்னைக்காவது எறங்கி வந்து உன்னைக் கடிச்சுதா? உக்காரு.

டீய நீயே ஊத்திக்க, எனக்கும் ஊத்து. இன்னைக்கு எனக்கு எந்திரிக்கச் சோம்பலா இருக்கு. ஆமா, வந்தவளையே டீ ஊத்தச் சொல்றது மரியாதை இல்லதான். நீ என்ன விருந்தாளியா? அடியேய், என்ன முழுசா ஊத்துற! கிண்ணத்தை நெறச்சுக் குடுத்தா கெளம்புன்னு அர்த்தம், உங்கம்மா சொல்லித் தரலியா? என் வீட்டுல உக்காந்துகிட்டு என்னையே வெரட்டுறா பாரு. பாதி ஊத்து. ஜாம் எனக்கு வேணாம், நீ போட்டுக்க. அந்தப் போர்வை என் கால் மேலயே கெடக்கட்டும், இழுக்காத.

விஷயத்துக்கு வர்றேன். நாளைக்குக் காலையில எம் பொண்ணு அஸ்தானாவுல இருந்து காரு எடுத்துட்டு வர்றா, என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு. ஆமா, கொஞ்ச நாள் இருக்கப் போறேன். எவ்ளோ நாள்னு எனக்கே தெரியாது. நீ சந்தோஷமாத் தூங்கு. ஆனா இந்தப் பாம்பு, பெல்பெவு, அங்க வர முடியாது. மருமகன் இருக்கானே, ஆறடி ஒசரம், மீசை இந்தா நீளம், மண்புழுவைப் பாத்தாலே நாற்காலி மேல ஏறி நிப்பான். அதனால நாளைக்குக் காருக்குள்ள நான் ஏறுறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு வீடு வேணும். சும்மா எவன் கையிலயாவது திணிச்சிட்டுப் போக மாட்டேன், அதை நான் முன்னாடியே சொல்லிடுறேன்.

நான் ஒண்ணும் ஆசைப்பட்டு வளக்கல. எம் மகன் கல்லூரியில படிக்கும்போது தூக்கிட்டு வந்தான். ஆப்பிரிக்கா மலைப்பாம்பு, அதுல சின்ன சாதி. இடுப்புல சுத்துனா பெல்ட்டு மாதிரியே இருக்குன்னு எம் புருஷன்தான் நம்ம பாஷையில பெல்ட்டுன்னே, பெல்பெவுன்னு பேரு வச்சாரு. பேரு வச்சவரு போய்ச் சேந்தாரு, வாங்கிட்டு வந்தவன் கொரியாவுக்கு வேலைக்குப் போய்ட்டான். மிச்சம் நானும் அதுவும்தான்.

ஊர் பூராவும் சொல்லிவிட்டேன். மூணு பேரு வந்தாங்க, மூணும் மூணு ரகம். மொத வந்தவ காபிக்கடை வச்சிருக்கறவ. இமையில ரெண்டு தொடப்பத்தை ஒட்ட வச்சிருந்தா, கண்ணைத் தொறந்தா காத்து வருது. கடையில சூடாகுற கல்லு விக்கிறாங்களாம், உள்ள ஒயரு, மேல பாறை மாதிரி. அதை உள்ள வச்சா பாம்பு அது மேல அழகா படுத்திருக்குமாம், போட்டோ எடுக்க நல்லா இருக்குமாம். படுத்திருக்கும்டீ, படுத்தே கெடக்கும். அந்தக் கல்லு ஒரு எடத்துல ஆறியிருக்கும், ஒரு எடத்துல தோசைக்கல்லு மாதிரி காயும். வயித்துத் தோலு வெந்து உரியும், அது எந்திரிச்சுப் போகாது. பாம்புக்கு அடிவயித்துல சுடுறது சீக்கிரம் உறைக்காதுன்னு சொன்னேன். அய்யோ பாவம்னுட்டு, அப்ப ரோசாக் கலர் கல்லு வாங்கலாமான்னு கேக்குறா. கலரைப் பாத்தா சூடு கொறையும்? போடீன்னு அனுப்பிட்டேன்.

ரெண்டாவது ஒரு பெரிய மனுஷன். சொரங்கத்துல அதிகாரியா இருந்தவராம், தொப்பியவே கழட்டல. அவருக்கு எல்லாம் தெரியும். எதுக்கும்மா தண்டத்துக்குக் கரண்ட்டு, சன்னலுக்கு அடியில இரும்பு ஹீட்டர் இருக்குல்ல, அது மேல பெட்டிய வச்சிட்டா ஆச்சுங்கறாரு. இந்த ஊர்லயே பொறந்து வளந்தவரு! வெளிய குளிரு ஏற ஏற, அனல் நிலையத்துல தண்ணிய எப்பிடிக் கொதிக்க விட்டு வீடு வீடாக் குழாய்ல அனுப்புவான், அந்த இரும்புல கை வைக்க முடியுமா? நாமளே தை மாசக் குளிர்ல சன்னலைத் தொறந்து வச்சிட்டுத்தான உக்காந்திருக்கோம். திருகிக் கொறைக்கறதுக்கு அதுல ஏதாவது இருக்கா? இந்த வாரம் மாதிரி குழாய் ஒடஞ்சா ஒரேயடியா ஜில்லுன்னு கெடக்கும். ஒண்ணு வேகணும், இல்ல வெறைக்கணும். இவரை நம்பித்தான் சொரங்கத்துக்குள்ள ஆளு எறங்குனானுங்க பாரேன்.

மூணாவது வந்த பையன் பரவால்ல, நல்ல கேள்வியாக் கேட்டான். குடுத்துடலாம்னே நெனச்சேன். வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்கன்னு கேட்டேன். மாமியா இருக்காங்களாம், பாம்புன்னா ரொம்ப மரியாதையாம். எப்பிடி மரியாதைன்னேன். வீட்டுக்குள்ள வந்த பாம்பு தலையில அய்ரான் மோரு ஊத்தி வாசல் வழியா அனுப்பி வைப்பாங்களாம். எங்கம்மாவும்தான் செஞ்சா, ஆனா அது கோடையில, புல்வெளியில, அந்த ஊருப் பாம்புக்கு! இது கரகந்தா, வெளிய மைனஸ் இருபத்தஞ்சு, இது ஆப்பிரிக்காப் பாம்பு. தலையில மோரையும் ஊத்தி, பனியில எறக்கி விட்டு, போய்ட்டு வாங்க சாமின்னு கும்புடுவா அந்தக் கெழவி. அவன் சிரிக்கிறான், நான் அவங்ககிட்ட எடுத்துச் சொல்றேன் அக்காங்கறான். மாமியாகிட்ட எடுத்துச் சொல்ற மூஞ்சியா அது!

சிரிக்காத, டீ கொட்டுது. நீ மட்டும் என்ன ஒசத்தி? ஒன்னோட மூக்கால நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். எலி நாத்தம் அடிக்குதுன்னு கட்டடத் தலைவிகிட்ட போய் ஒப்பாரி வச்சவ நீ. பாம்புக்குன்னு ஐஸ்பெட்டியில ஒறய வச்ச எலி நாறுமாடி? சரி, சரி, நான் தராஸ் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனப்ப ஐஸ்பெட்டி கெட்டுப்போச்சு, அன்னைக்கு நாறுச்சு. நீதான் மொதல்ல கண்டுபிடிச்ச, ஒத்துக்கறேன். எம் புருஷன் ஒளிஞ்சு சிகரெட் குடிச்சதையும் நீதான் சொன்ன. அப்புறம் முந்தாநாள் வந்து கதவை இடிச்சியே. கம்பளி கருகுற நாத்தம் வருது, பாம்புப் பெட்டிதான் பத்திக்கிச்சுன்னு குதிச்ச. நான் என்ன சொன்னேன்? சொல்லு, வெக்கப்படாத. ஆமா, அந்த மூக்கை அறுத்து சூப் வச்சுக் குடின்னு சொல்லித்தான் கதவைச் சாத்துனேன்.

என் பெட்டி பத்திக்குமாடி? எந்திரிச்சுப் போய்ப் பாரு. போ, கண்ணாடிதான் நடுவுல இருக்கு. அந்த ஓரமா அடியில ஒரு தட்டை விரிப்பு இருக்கா, அதுதான் சூடு. மூணுல ஒரு பங்கு எடத்துக்குத்தான். இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் வெதுவெதுப்பு. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க ஒரு குடுவை. அதுக்கு எங்க பிடிக்குதோ அங்க போய்க்கும். அந்த டப்பா இருக்குல்ல, அது இல்லாம ப்ளக்கைச் சொருகவே கூடாது. முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டுனா அதுவே கரண்ட்டை நிறுத்திடும். அதோட ஒயரு நுனி விரிப்பு மேல ஒட்டியிருக்கா? அது கழண்டு வேற பக்கம் போச்சுன்னு வையி, டப்பா இன்னும் குளிருதுன்னு நெனச்சுகிட்டு ஏத்திக்கிட்டே இருக்கும், பாம்பு வெந்துடும். தெனமும் பாக்கணும். கம்பளம், நம்ம தடிச்ச கம்பளி, இதெல்லாம் அது மேல போடக் கூடாது, சூடு வெளிய போகாம அடியிலயே தேங்கிடும். லைட்டு மாட்டுனா பெட்டி மேல இருக்கற வலைக்கு வெளிய மாட்டு. கைய வச்சுப் பாத்துட்டு சரியா இருக்குன்னு சொல்றவங்க கைய ஒடைக்கணும்.

என்ன கேட்ட? திரும்பச் சொல்லு.

கரண்ட்டு போனா என்ன செய்யணும்னா?

ம். மூணு பேருல ஒருத்தருக்கும் இது தோணல. அதிகாரிக்கே தோணல. கரண்ட்டு போனா அப்பதான் கம்பளிய எடுத்துப் பெட்டிக்கு வெளிய சுத்தணும், விரிப்போட ப்ளக்கைப் புடுங்கிட்டு. வெந்நீரு பாட்டிலைத் துணியில சுத்தி கண்ணாடிக்கு வெளிய வையி. உள்ள வைக்காத. கரண்ட்டு வந்தா கம்பளிய மொதல்ல எடு, அப்புறமா சொருகு. என்ன அதுக்குள்ள கண்ணாடியில மூஞ்சிய ஒட்ட வச்சிட்ட? நாக்கை நீட்டுதா? உன்னை மோந்து பாக்குது. அதுவும் உன்னை மாதிரிதான், ஊரு வாசத்தை எல்லாம் புடிக்கும்.

ஆமா, உன்கிட்டதான் கேக்குறேன். பின்ன எதுக்கு இவ்ளோ நேரம் தொண்டத் தண்ணி வத்தப் பேசுறேன், உன் அழகுக்கா? பயமா இருக்குங்கற, சரி. பயம் இருக்கறவதான் தெனம் பாப்பா. எலி ஐஸ்பெட்டியில இருக்கு, வாரத்துக்கு ஒண்ணு, வெந்நீர்ல எளக்கிக் குடு. மூக்கை மூடிக்க.

ஏன் உன்கிட்டன்னா? சொல்லித்தான் ஆகணுமா? முந்தாநாள் நீ திட்டு வாங்கிட்டு எறங்குன பெறகு நான் போய்ப் பெட்டியப் பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு, ஒயரு நுனி, டப்பா, எல்லாம். ஆனா அதுக்குள்ள எனக்கும் அந்தக் கருகுற வாசம் வருது. சமையக்கட்டுக்குப் போனேன், அங்கயும் வருது. குளியலறைக்குப் போனேன், கூடவே வருது. அப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன். குழாய் ஒடஞ்சு வீடு ஜில்லுன்னு கெடந்துச்சுல்ல, கரண்ட்டு ஹீட்டர்ல காலை ஒட்ட வச்சிட்டு டிவி பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். கம்பளி சாக்ஸ் கருகி, தோலோட ஒட்டிக்கிச்சு. ஒரு துளி வலி இல்லடீ. சக்கரைல இந்தக் கால் எப்பவோ மரத்துப் போச்சு. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், ஒரு மாடி கீழ நீ துடிக்கிற.

போர்வையத் தூக்காத, பாக்க நல்லா இருக்காது. வெட்டுறது கால்வெரலோட நிக்குமா, பாதம் வரைக்கும் போகுமான்னு அஸ்தானா ஆஸ்பத்திரியிலதான் சொல்லுவாங்களாம். நேத்து இங்க வந்து பாத்த டாக்டரு, ஏம்மா சுட்டது தெரியலையான்னு கேக்குறான், மூளை இருக்கா அவனுக்கு?

இப்ப எதுக்கு அழற? ஜாம் உப்பாயிடும், தொடச்சுக்க. பெல்பெவுவ எடுத்து அந்தத் தலகாணி உறையில போட்டு, உறை வாய முடிஞ்சு என் மடியில வையி, இன்னைக்கு ஒரு ராத்திரி என்கூட இருக்கட்டும். பெட்டி மட்டும் உன் வீட்டுல விடிய விடிய காலியா ஓடி, முப்பத்திரண்டுல நிக்குதான்னு பாரு. நின்னாத்தான் காலையில வந்து இதைத் தூக்கிட்டுப் போகணும். மசமசன்னு நிக்காத, மொதல்ல ப்ளக்கைப் புடுங்கு. அப்புறம் எனக்கு ஒரு கிண்ணம் டீ ஊத்திட்டுப் போ. பாதி ஊத்து, போதும்.