சுதந்திரத்தத் தோக்கடிச்ச மருதாள்

சாவி எங்கீங்க போயிரும், மெதுவா எடுத்துக்கலாமுங்கக்கா. சித்த ஒக்காருங்க. திடீர்னு ஏன் வாடகைக்கு ஊடு பாக்கறேன்னு கேட்டீங்கல்ல, அதச் சொல்லோணுமுல்லீங்க? போன வெள்ளிக்கெழம நம்ம நாட்டுக்குச் சுதந்திரம் இல்லாமப் போச்சுங்க, கொஞ்ச நேரத்துக்கு. எல்லாம் என்னாலதான். சிரிக்காதீங்க, சத்தியமாத்தான் சொல்றேன்!

நான் பனியன் கம்பெனில செக்கிங்குங்க. ஓட்டை, கறை, தையல் உட்டுப்போனதுன்னு பாத்துப் பாத்துக் கழிச்சுப் போடறது. ஊட்லயும் அதே வேலதான் பாக்கறன்னு என்ற பையன் இளங்கோ சொல்லுவான், லொள்ளு புடிச்சவன். அவன் அங்கயே கட்டிங் மாஸ்டரு. மருமவ கிருத்திகா அதே கம்பெனில ஆபீசு. கண்ணாலமான நாள்ல இருந்து தனியா இருக்கறோம், தனியா இருக்கறோம்னு ரெண்டும் கேட்டுட்டே இருக்குதுங்க. நானும் இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்னு தள்ளிக்கிட்டே வாறேன். எங்கூட்டுல இருக்கற ஒரே ரோதனை அதுதானுங்க.

ஆகஸ்ட் பதினஞ்சுக்கு வருசா வருசம் கொடி ஏத்தி, முட்டாயி குடுத்து, வேலையப் பாருங்கன்னு அனுப்பிச்சுருவாங்க. இந்தத் தடவ நாடகம் போடலாம்னு கிருத்திகாதான் கெளப்பி உட்டா. லண்டன் பார்லிமெண்ட்டுங்களாம். நாப்பத்தேழுல இந்தியாவ உட்டுட்டு வந்தர்லாமா வேண்டாமான்னு வெள்ளக்காரங்க ஒக்காந்து பேசுனாங்களாமுல்ல, அது. குடுத்தர்லாம்னு பேசற மந்திரி அவ. குடுக்கக்கூடாதுன்னு பேசற துரைக்குத்தான் ஆளே கெடைக்கலீங்க. நாட்டுக்கு எதுத்தாப்புல பேசறதுக்கு எவன் வருவான்? சரி போ கண்ணு, நான் பேசறேன்னு போயி மாட்டிக்கிட்டேன். வெள்ளப் பனியன் வேஸ்ட்ட முறுக்கித் தெச்சு எனக்கு டோப்பா வேற வெச்சு உட்டாங்க. என்னையப் பாத்து எனக்கே கும்புடு போடலாம்னு இருந்துச்சு!

அவ எழுதிக் குடுத்தது நாலே வரிதானுங்க. அதப் பேசிப்போட்டு, சரி குடுத்தர்லாம்னு ஒக்காந்துக்கோணும். நான் என்ன பண்ணுனேன், மூக்குக் கண்ணாடிய ஊட்லயே உட்டுட்டு வந்துட்டேன். மேடையேறிப் பேப்பரப் பாத்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. கம்முனு நிக்க முடியுங்களா? வாயில வந்தத எடுத்து உட்டேன் பாருங்க! இவியகிட்டயா நாட்டக் குடுக்கறது? அடுப்புல பால வெச்சுப்போட்டு செல்போனப் பாத்துட்டு நிக்கற ஆளுக! கேஸ் தீந்தா யாருக்குச் சொல்லோணும்னு தெரியுமா? ஒரம்பரை, விருந்தாளின்னு வந்தா என்ன பண்ணுவாங்க? ஒரே மாசத்துல அடிச்சுக்கிட்டு அழுதுட்டு வந்து நிப்பாங்க, அப்ப நாந்தான பாக்கோணும்? நான் இல்லாட்டி இவிய சோறு தின்ன மாட்டாங்க சாமி! அப்படீன்னு ஒரே போடு. லண்டன்ல ஏது கேஸுங்கறீங்களா? அதத்தான் எல்லாரும் கேட்டுட்டு உழுந்து உழுந்து சிரிக்கறாங்க. விசிலு பறக்குது!

அப்பறம் ஓட்டெடுப்பு. அங்கதானுங்க வந்துச்சு வென. செக்கிங்ல ஒருத்தி கை தூக்குனா அத்தன பேரும் தூக்கிருவோம். தீவாளி லீவு கேக்கறதானாலும் சரி, டீ தண்ணியா இருக்குதுன்னு சொல்றதானாலும் சரி. பேக்கிங்கும் எப்பவும் எங்க கட்சிதான். சுதந்திரம் குடுக்க வேண்டாங்கறவங்க கை தூக்குங்கன்னதும் எனக்காக மொத்தமாத் தூக்கிப் போட்டாளுக! எதுக்குத் தூக்கறோம்னு எவளும் ரோசன பண்ணுல. கேண்டீன் குமாரசாமிதான் சபாநாயகரு. கரண்டில தட்டத் தட்டி, தீர்மானம் தோத்துப்போச்சு, சுதந்திரம் கெடையாதுன்னுட்டாருங்க!

மொதலாளி வெள்ளச் சட்டையில கொடிக்கயத்தப் புடிச்சுட்டு நிக்கறாரு. ஏத்தறதா வேண்டாமான்னு அவருக்கே தெரியல. ஒடிசால இருந்து வேலைக்கு வந்த பசங்க, ஏங்கக்கா சுதந்திரம் கெடைக்கலையான்னு மெய்யாலுமே பயந்து போயிக் கேக்கறாங்க. எனக்கு ஒரே குஷி. செயிச்சுட்டமல்ல!

அப்பத்தானுங்க கிருத்திகா மறுக்கா எந்திரிச்சா. கையில பேப்பர் இல்ல. துரை அவர்களே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நாங்க என்ன பண்ணிக் காமிச்சா, சரி இவிய தயாராயிட்டாங்கன்னு சொல்லுவீங்கன்னு கேட்டா. நாடகத்துக்குத்தான் கேட்டா, ஆனா துரையப் பாத்துக் கேட்ட மாதிரி இல்லீங்க, மாமியாளப் பாத்துக் கேட்ட மாதிரி இருந்துச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு.

நல்லாச் சோறாக்குனா போதும்னு சொல்லலாமா? அவ நல்லாத்தான் ஆக்குவா. ஊட்ட அவதான் கூட்டறா, காயி அவதான் வாங்கறா. எனக்கு மேலுக்குச் சொகமில்லாம கெடந்தப்பவும் அவதான் பாத்தா. என்ன பண்ணுனாலும் பத்தாதுன்னு சொல்றதுக்குத்தான் நான் ஒக்காந்திருக்கறேன்னு அப்பத்தானுங்க தெரிஞ்சுது. அவளப் பாக்கறதுக்கே பாவமாப் போச்சு. சட்டுன்னு கையத் தூக்கி, குடுத்தர்லாம்னுட்டேன். நான் தூக்குனதும் செக்கிங், பேக்கிங் அத்தன கையும் மேல! குமாரசாமி தட்டு ஒடையற மாதிரித் தட்டுறாரு, மொதலாளி கயத்த இழுக்கறாரு, கொடில இருந்து பூவாக் கொட்டுது. டோப்பாவக் கழட்டி மேல வீசுனேன் பாருங்க, அது போயி மொதலாளி தோள்ல உழுந்துச்சு!

ஆமாங்க, அதுக்குத்தான் ஊடு பாக்கறது. சமையக்கட்டு சின்னதுங்கறீங்களா? போதுமுங்க. புதுசாக் கண்ணாலமானவியளுக்குக் காத்தோட்டமா வேணுமா? அய்யோ அக்கா, அவிய எங்கீங்க வாறாங்க? வெள்ளக்காரன் சுதந்திரம் குடுத்துப்போட்டு நம்மளையா கப்பலேறச் சொன்னான்? அவந்தானுங்களே ஏறிப் போனான்! ஊடு எனக்குத்தானுங்க. நான் மட்டுந்தான்.

சண்டையா? இல்லவே இல்லீங்க. அவியகிட்ட இன்னம் சொல்லக்கூட இல்ல. சாய்ங்காலம் போயிச் சொல்லோணும். பொறந்தூட்ல பெரிய குடும்பம், அப்பறம் மாமியா ஊடு, எங்கூட்டுக்காரரு போனப்பறம் பையன்கூட. ஒத்தைல ஒரு நாளு படுத்ததில்லீங்க நான். சமாளிச்சுக்குவேனா, தயாராயிட்டேனான்னு கேட்டா எனக்கு எப்புடீங்கக்கா தெரியும்? இருந்து பாத்தாத்தான தெரியும்! பயமாத்தான் இருக்குது. ஆனா சிரிப்புச் சிரிப்பா வருதுங்க.