நாவல்பழ நிற மை

உடுப்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னது காதில் விழுந்தது.

“ஒரு ஊசி அளவுதான் அந்தப் பிள்ளைக்குக் குடுத்தனான். அண்டைக்கு முழுக்க எனக்கு நித்திரையில்லை.”

தாதிமார் என்று நினைத்தேன். ஆனால் பேச்சு, ஊசியால் உறிஞ்சிப் பேனைக்கு நிரப்பும் மையைப் பற்றியது.

“ஏனப்பா, போத்தலிலை அரைவாசி கிடக்குதுதானே?”

“அந்த நாவல்பழ நிறத்தை இப்ப ஒருத்தரும் செய்யிறேல்லை. முடிஞ்சால் முடிஞ்சதுதான். அதுதான் நீர் கேட்டும் தரேல்லை.”

“நான் கோவிக்கேல்லை.”

“கோவிச்சனீர். கன நாள் கதைக்கேல்லை.”

மற்றவர் சிரித்துவிட்டார். பஸ் வல்லை வெளியைக் கடந்துகொண்டிருந்தது.

“பிறகேன் அவளுக்குக் குடுத்தனீர்?”

“என்னட்டை இந்த மை இருக்கெண்டு ஆரோ சொல்லக் கேட்டு, குருநகரிலை இருந்து பஸ் மாறி வந்து, ஒருக்கா எழுதிப் பாக்கட்டோ எண்டு மட்டும்தான் கேட்டவள். வெறுங்கையோடை அனுப்ப மனம் கேக்கேல்லை. போன கிழமை என்ரை பிறந்தநாளுக்கு அந்த மையிலை வாழ்த்து எழுதி அனுப்பியிருக்கிறாள். பாத்திட்டு அப்பிடியே இருந்திட்டன்.”

“ஏன்?”

“இவ்வளவு காலமும் நான்தான் அதாலை மற்றவைக்கு எழுதினனான். அந்த நிறத்திலை எனக்கு ஒருத்தரும் எழுதினதில்லை.”

சன்னலோரத்தவர் மற்றவர் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு உம்மடை பேனையைக் கழுவிக் கொண்டு வாரும்.”

“மெய்யாத் தாறீரோ?”

“ஓம். ஆனா அதாலை முதல் எழுதிறது எனக்குத்தான்.”

“என்ரை எழுத்து வடிவில்லையே.”

“பரவாயில்லை. என்ரை பேரை மட்டும் எழுதும்.”